ஊதா மூடி ஒன்று

பதினாறு வருடமாகப் பிறர் கைகளில்
நாளம் தேடுவது என் வேலை.
வின்னிபெக்கில், மக்ஃபிலிப்ஸ் தெருவில்,
பல் வைத்தியருக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவில்
எங்கள் பரிசோதனைக்கூடம்.
ஏழு மணிக்குக் கதவு திறக்குமுன்னே
வெறுவயிற்றோடு வரிசை நிற்கும்.
மைனஸ் முப்பதில் நடந்து வந்த கைகளில்
நாளங்கள் ஒளித்துக்கொள்ளும்.
சூடான துணி சுற்றி
மெல்ல வெளியே கூப்பிடுவேன்.

நேற்று நான் நோயாளி.
டொக்டர் கோவல்ச்சுக் இளையவர்,
என் மூத்தவளைவிட இரண்டு வயது கூட.
கேட்டதற்கெல்லாம் சுகம் என்றேன்.
பொய்யில்லை. படியேறினால் மூச்சு வாங்கவில்லை,
இரவில் நித்திரை, காலையில் பசி.
ஆனாலும் அவர் பேனா
படிவத்தின் மேல் நடந்தது,
மலிவு விற்பனையில் கூடை நிறைப்பவர் போல.
ஒன்பது கட்டங்கள்.
"ஐம்பது தாண்டிவிட்டது. எதற்கும் பார்த்துவைப்போம்."

எதற்கும்.
அப்படி எடுத்த இரத்தத்தால்தான்
பஸ் ஓட்டும் கார்ல் எனக்குப் பழக்கமானார்.
ஏதோ ஓர் எண் ஒரு புள்ளி கூட.
திரும்ப எடு என்றார்கள், எடுத்தேன்.
பிறகு ஸ்கேன். ஸ்கேனில் ஒரு நிழல்.
நிழலுக்கு இன்னொரு ஸ்கேன்.
இடது கை, வலது கை, இடது கை, ஏழு மாதம்.
கடைசியில் ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது.
அதற்குள் அவர்,
உறைந்த ஏரியில் மீன்பிடிக்க இழுத்துப்போகும்
மரக்குடிலை விற்றுவிட்டிருந்தார்,
மனைவி தலையில் அந்தச் சுமை விழக்கூடாதென்று.
வாங்கியவன் திருப்பித் தரவில்லை.

சுகமாயிருக்கும் நூறு பேரில் ஐந்து பேர்
கோட்டுக்கு வெளியே நிற்பார்கள்.
கோடு கீறிய விதமே அப்படி.
கோடுகளைப் பற்றி எனக்கு
இங்கே வருமுன்னும் கொஞ்சம் தெரியும்.

"சும்மாதானே செய்கிறார்கள், விடுவானேன்?"
முந்தின இரவே குணேந்திரன் சொல்லியிருந்தார்.
அவருக்குக் கூப்பனோடு வரும் எல்லாம் வேண்டும்.

"டொக்டர், இந்த விற்றமின் குறைவாய் வந்தால்
என்ன செய்வீர்கள்?"
"மாத்திரை எடுக்கச் சொல்வேன்."
"ஒக்டோபரிலிருந்து அதைத்தான் விழுங்குகிறேன்.
தைரொயிட்?"
"கொஞ்சம் விலகியிருந்தால்
மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம்."
"இந்தப் புற்றுநோய்க் குறியீடு?"
அவர் பேசவில்லை.
வெளியே யாரோ கார்க் கண்ணாடியில்
பனி சுரண்டும் சத்தம்.
மடியில் என் கை வியர்த்திருந்தது.
வேண்டாம் என்ற சொல்லை
வெள்ளை மேலங்கி முன்னால்
இதற்குமுன் நான் சொன்னதில்லை.

"மறுத்தீர்கள் என்று பதிய வேண்டியிருக்கும்."
"பதியுங்கள். ஏதும் மாறினால் நானே வருவேன்.
சீனி மட்டும் இருக்கட்டும்.
அண்ணனுக்கு நாற்பத்தெட்டில் கால்விரல் போனது.
அந்தப் பதில் வந்தால்
எனக்குச் செய்ய வேலை இருக்கிறது."

முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது.
எட்டுக் கோடு,
கடைசியைச் சற்று அழுத்தியே அடித்தார்.

இன்று காலை, என் வரிசைக்கு முன்னால்,
மரிவிக் என் கையில் நீலப் பட்டை கட்டினாள்.
"ஒன்றுதானா?" என்று படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
ஊதா மூடிக் குழாய், மூன்று மில்லிலிற்றர்.
எட்டு முறை கவிழ்த்தாள், நான் பழக்கியபடியே.
ஊசி போகையில் நானும்
எல்லோரையும் போல முகம் திருப்பினேன்.

அந்தக் கதிரையிலிருந்து பார்த்தால்
தெரிவது ஒரு கலண்டர்.
போன வருடத்து ஆகஸ்ட்,
கடுகுப் பூ வயல்.
பதினாறு வருடமாக இந்த அறையில் நிற்கிறேன்,
அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று
இன்றுதான் கண்டேன்.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்து
அதைக் கழற்றினேன்.